இளவரசியும் இரும்பு பூட்ஸும்



கஷ்டத்தில் இரண்டு ஜாதி உண்டு என்பதை எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? புதிதாக ஒரு சிக்குக் கோலம் போட வேண்டும். எந்தப் புள்ளியில் ஆரம்பித்தால் கோடு அறுபடாமல் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும் என்று அரை மணி நேரம் மண்டையைக் குடைந்து கொள்கிறோம். இது ஒரு கஷ்டம். ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்று, நம் முறை வரும்போது "சர்க்கரை தீர்ந்து போச்சு, நாளைக்கு வாங்க" என்று கேட்டுக் கொண்டு திரும்பி வருகிறோம். இதுவும் கஷ்டம்தான். இரண்டிலும் செலவான நேரம் ஒன்றே. ஆனால் முதலாவது மனத்தை நிறைக்கிறது. இரண்டாவது காலைத்தான் வலிக்கச் செய்கிறது.

இந்த வாரம் நான் சொல்லப் போகிற விளையாட்டில் இந்த இரண்டு ஜாதிக் கஷ்டமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. அதனால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

"வீடியோ விளையாட்டா? அது பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்றே! 'சாப்பிட வா' என்று பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சனியன்தானே?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வாஸ்தவம். ஆனால் பிள்ளைகள் அப்படி எதைப் பார்த்து மெய்ம்மறக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதுவும் இந்த விளையாட்டு வெறும் 'டுமீல் டுமீல்' ரகம் இல்லை. இதில் வாள் சண்டை உண்டு. ஆனால் வாளைவிட மூளைக்குத்தான் வேலை அதிகம். போதாக்குறைக்கு, இதன் பெயரே ஒரு பெண்ணின் பெயர்!

'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' என்பது முழுப் பெயர். ஸெல்டாவின் கதை, காலத்தின் குழல் என்று நாம் வைத்துக் கொள்ளலாம். ஒக்கரினா என்பது கைக்குள் அடங்குகிற, முட்டை வடிவமான ஓர் ஊதுகுழல். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் உள்ள நிண்டெண்டோ கம்பெனி, 'நிண்டெண்டோ 64' என்ற தன் யந்திரத்துக்காக 1998 நவம்பரில் இதை வெளியிட்டது. அந்த யந்திரத்துக்கு மட்டும் 75 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. விமர்சகர்கள் போட்ட மார்க்குகளைத் திரட்டிச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக் பட்டியலில் இதற்கு 100க்கு 99. நம் வீட்டுப் பிள்ளை அப்படி மார்க் வாங்கினால், "மீதி ஒரு மார்க் எங்கேடா?" என்று கேட்போம் இல்லையா? அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்பதையும் பிறகு சொல்கிறேன்.

இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1986-ல் வந்தது. அதைப் படைத்தவர்களில் முக்கியமானவர் ஷிகேரு மியமோட்டோ. கியோட்டோவுக்கு அருகில் சோனோபே என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது மலையிலும் காட்டிலும் சுற்றி, ஒரு குகையைக் கண்டுபிடித்து, விளக்கை எடுத்துக் கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாராம். அந்த 'உள்ளே என்ன இருக்கும்?' என்ற படபடப்பைத்தான் விளையாட்டாக்கினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஸெல்டா என்ற பெயர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி ஸெல்டாவின் பெயர். அந்த அம்மாளும் நாவல் எழுதியவர்தான். ஆனாலும் உலகம் அவரை இன்னாருடைய மனைவி என்றே பெரும்பாலும் சொல்லி வந்தது. இந்த விஷயத்தை மனத்தின் ஒரு மூலையில் வைத்துக் கொள்ளுங்கள்.

மரத்துக்குள் ஒரு மாளிகை

கதை சுருக்கமாக இதுதான். ஹைரூல் என்று ஒரு ராஜ்யம். அதன் காட்டில் லிங்க் என்று ஒரு பையன். காட்டில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் துணைக்கு ஒரு குட்டித் தேவதை உண்டு. இவனுக்கு மட்டும் இல்லை. ஒரு நாள் நாவி என்ற தேவதை இவனைத் தேடி வருகிறது. காட்டைக் காக்கிற பெரிய மரத்துக்குச் சாபம் பிடித்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் புகுந்து சாபத்தைத் தீர்க்க வேண்டும். அங்கே ஆரம்பிக்கிறது புதிர்.

மரத்தின் உள்ளே அடுக்கடுக்காக மாடிகள். கீழ்த்தளத்தின் நடுவில் ஒரு பெரிய துவாரம். அதன்மேல் ஒரு சிலந்தி வலை. துவாரத்துக்குள் போயாக வேண்டும். வாளால் வெட்டினால் வலை அறுபடாது. அதன்மேல் நின்று குதித்தால் ஊஞ்சல் பலகை மாதிரித் தொய்கிறதே தவிர, கிழிவதில்லை. "தொய்கிறது அல்லவா, அப்படியானால் இன்னும் கொஞ்சம் பலமாக விழுந்தால்?" என்று தோன்ற வேண்டும். தோன்றிவிட்டால் மாடி மாடியாக ஏறி, உச்சியிலிருந்து கண்ணை மூடிக் கொண்டு குதிக்கலாம். வலை பட்டென்று கிழிந்து, கீழே தண்ணீரில் போய் விழுகிறான் பையன். அடடா! அந்த ஒரு கணத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம் இந்த விளையாட்டை.

பாருங்கள், யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விடைக்கு வேண்டிய எல்லாம் கண் முன்னாலேயே இருந்தன: வலை, உயரம், தொய்வு. சேர்த்துப் பார்த்தது நாம். நல்ல புதிரின் லட்சணம் இதுதான். விடை தெரிந்தவுடன் "அட, இதுதானா! எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?" என்று நெற்றியில் அடித்துக் கொள்ள வேண்டும். "இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்?" என்று எரிச்சல் வந்தால் அது புதிர் இல்லை, வஞ்சனை.

இன்னொரு விசேஷம், இந்த விளையாட்டு நமக்குப் பாடம் நடத்தாமலே பாடம் சொல்லிக் கொடுக்கிறது. மரத்துக்குள் ஒரு குச்சியைத் தீப்பந்தத்தில் பற்ற வைத்து, அது எரிந்து தீருவதற்குள் ஓடிப் போய் வேறொரு வலையைக் கொளுத்த வேண்டும். அடுப்பிலிருந்து அடுப்புக்கு நெருப்பு எடுத்துப் போன பாட்டிமார்களுக்கு இது புரியச் சொல்லித் தரவா வேண்டும்? இப்படி முதல் வீட்டில் கற்றதை இரண்டாவது வீட்டில் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறார்கள். மூன்றாவதில் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கேட்கிறார்கள். பிற்பாடு வருகிற காட்டுக் கோவிலில் ஒரு நீண்ட கூடத்தையே துணி பிழிவது போல முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு விசையை அம்பால் அடித்தால் கூடம் நேராகும். மறுபடி அடித்தால் முறுக்கிக் கொள்ளும். சுவர் தரையாகிறது, தரை சுவராகிறது. அங்கே நாலு பேய்ச் சகோதரிகள் நாலு விளக்கின் ஜோதியைத் திருடிக் கொண்டு ஒளிந்திருக்கிறார்கள். பேய் என்றாலும் அக்கா தங்கைகளின் குறும்பு போகவில்லை!

இந்தப் புதிர்க் கோவில்களை அமைத்ததில் பெரும் பங்கு எய்ஜி அவோனுமா என்பவருடையது. அவர் கலைக் கல்லூரியில் படித்தபோது, உள்ளே சக்கரம் வைத்து அசைகிற மரப்பொம்மைகள் செய்து கொண்டிருந்தவர். ஒரு பக்கம் தொட்டால் இன்னொரு பக்கம் எதுவோ நகர்கிற இந்தக் கோவில்களைப் பார்த்தால் அந்தக் கை தெரிகிறது.

வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்

சண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முப்பரிமாணக் காட்சியில் எதிரி எங்கே, நாம் எங்கே என்று திண்டாடுவது அந்தக் கால விளையாட்டுக்களின் பெரிய தொல்லை. இதைத் தீர்க்க வழி தெரியாமல் இருந்தபோது, இதை உருவாக்கியவர்களில் சிலர் கியோட்டோவில் உள்ள ஒரு சினிமா நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நல்ல வெயில். தாங்க முடியாமல் ஒரு நாடகக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அங்கே மேடையில் சண்டைக் காட்சி. ஒருவன் சங்கிலி கட்டிய அரிவாளைச் சுழற்றி வீச, மற்றவன் சங்கிலியைக் கையில் பிடித்துக் கொள்ள, இருவரும் அந்தச் சங்கிலியின் இரு முனையில் வட்டமாகச் சுற்றி வந்தார்களாம். 'நமக்கும் எதிரிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி இருந்தால்?' என்று பளிச்சென்று உதித்தது யோசனை. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் பார்வை எதிரி மேல் நிலைத்து நிற்கும் ஏற்பாடு அப்படிப் பிறந்தது. பிறகு வந்த எத்தனையோ விளையாட்டுக்கள் இந்த யுக்தியைக் கடன் வாங்கிக் கொண்டன.

சங்கீதப் பிரியைகளுக்கு இன்னொரு செய்தி. இந்த விளையாட்டில் குழல் வெறும் அலங்காரம் இல்லை. ஐந்தே ஸ்வரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். சின்னச் சின்ன மெட்டுக்களை நாமே வாசிக்க வேண்டும். ஒரு மெட்டு வாசித்தால் பகல் இரவாகும். ஒன்று மழையைக் கொண்டுவரும். ஒன்று எங்கேயோ மேய்கிற ஈபோனா என்ற குதிரையை ஓடி வரச் செய்யும். கோஜி கோண்டோ என்பவர் இசை அமைத்தது. விளையாடி முடித்து வருஷக் கணக்கானாலும் விரல்களுக்கு அந்த மெட்டு மறப்பதில்லை என்கிறார்கள் விளையாடியவர்கள்.

ஊர் மக்களிலும் ரசமான பாத்திரங்கள் உண்டு. காக்கரிக்கோ என்ற ஊரில் ஒரு பெண் கோழி வளர்க்கிறாள். ஆனால் கோழியைத் தொட்டால் அவளுக்கு உடம்பு ஒத்துக் கொள்ளாது! ஓடிப் போன ஏழு கோழிகளையும் நாம்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெகுமதி என்ன தெரியுமா? ஒரு காலி பாட்டில்! சிரிக்காதீர்கள். காலி பாட்டிலின் அருமை தெரிந்தவர்கள் நாமல்லவா? இந்த விளையாட்டிலும் அது விலை மதிக்க முடியாத பொருள். மருந்து, பால், மீன், தேவதை எதை வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம். கோழியைச் சும்மா சும்மா அடித்தால் மட்டும் ஜாக்கிரதை. கூட்டமாக வந்து கொத்தி எடுத்துவிடும். ராட்சதனை வென்ற வீரனும் கோழிக்கு முன்னால் ஓட்டம்தான்.

அந்த ஒரு மார்க்

இனி, குறைகளுக்கு வருவோம்.

முதலாவது, ஓயாத உபதேசம். கூடவே பறந்து வருகிற நாவி என்ற தேவதை "ஏய், கேள்!" என்று நச்சரித்துக் கொண்டே இருக்கும். நமக்குத் தெரிந்த விஷயத்தையே சொல்லும். தெரியாத இடத்தில் பெரும்பாலும் வாயைத் திறக்காது. அதற்கு மேல் ஓர் ஆந்தைத் தாத்தா. வழியில் நிறுத்தி வைத்து நீளமாகப் பேசுவார். கடைசியில் "மறுபடியும் சொல்லட்டுமா?" என்று கேட்பார். சீக்கிரம் முடியட்டும் என்று நாம் பொத்தானைத் தட்டிக் கொண்டே வந்திருப்போம். அதே வேகத்தில் தவறான பதிலைத் தட்டிவிட்டால், போச்சு! ஆதியிலிருந்து தொடங்குவார். கல்யாண வீட்டில் இப்படி ஒரு பெரியவரிடம் சிக்கிக் கொள்ளாதவர்கள் யார்?

இரண்டாவது, நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு ஏற்பட்ட கஷ்டம். இதை நாம்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு கோவிலின் கடைசி அறைவரை போயிருக்கிறோம், பால் பொங்குகிறது, விளையாட்டைச் சேமித்து வைத்துவிட்டு அணைக்கிறோம். மறுநாள் திறந்தால் கோவில் வாசலிலேயே நிற்கிறோம். திறந்த கதவு திறந்தபடி இருக்கும், எடுத்த சாவி நம்மிடமே இருக்கும். ஆனால் நடந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். கோவிலுக்கு வெளியே சேமித்தாலும், நின்ற இடத்தில் தொடங்க முடியாது. மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்காரக் கிடைக்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. அப்படிப்பட்ட மூன்று மணி நேரம் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது, சொல்லுங்கள்?

மூன்றாவதுதான் உலகப் பிரசித்தம். நீர்க் கோவில்!

ஏரிக்கு அடியில் ஒரு கோவில். நடுவில் ஒரு கோபுரம். சுற்றிலும் மூன்று மட்டத்தில் அறைகள். மூன்று இடங்களில் தாலாட்டு மெட்டை வாசித்தால் தண்ணீர் மட்டம் கீழே, நடுவே, மேலே என்று மாறும். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, மோட்டார், வால்வு என்று வாரம் முழுதும் மல்லாடுகிற நமக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. 'இந்த அறைக்குத் தண்ணீர் ஏற வேண்டும், ஆனால் அந்தக் கதவுக்கு வடிய வேண்டும்' என்று மொத்தக் கட்டடத்தையும் மனத்தில் ஒரே படமாக வைத்துக் கொண்டு யோசிக்க வேண்டும். எண்ணம் என்னவோ பிரமாதமான எண்ணம். நடுக் கோபுரத்துக்குள் தண்ணீர் ஏறியதும் ஒரு கட்டை மிதந்து மேலே போகும். அது இருந்த இடத்தில் ஒரு துவாரம். அதற்குள் இறங்கினால் ஒரு சாவி. இதைக் கவனிக்காமல் நாள் கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆனாலும் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கட்டை மிதந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கவனிக்காதது யார் குற்றம்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் நடக்க இரும்பு பூட்ஸ் போட வேண்டும். மேலே மிதந்து வரக் கழற்ற வேண்டும். போடுவதற்கு விளையாட்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, பக்கம் புரட்டி, பூட்ஸைத் தேடி, தேர்ந்தெடுத்து, பெட்டியை மூடி, விளையாட்டைத் தொடர வேண்டும். கழற்றவும் இதே சடங்கு. ஒரு தரம் என்றால் பரவாயில்லை. பத்து அடிக்கு ஒரு தரம்! ஒவ்வொரு கரண்டி குழம்புக்கும் சமையலறைக் கதவைப் பூட்டித் திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி. மூளைக்கு வைத்த புதிரை விரலுக்கு வைத்த தண்டனையாக மாற்றிவிட்டது இந்த பூட்ஸ்.

இதைப் பற்றி அவோனுமாவே பிற்பாடு வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011-ல் கையடக்கமான 'நிண்டெண்டோ 3டிஎஸ்' யந்திரத்துக்காக இந்த விளையாட்டைப் புதுப்பித்தபோது, பூட்ஸை ஒரே தொடுதலில் போடவும் கழற்றவும் வழி செய்தார்கள். தண்ணீர் மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டச் சுவரில் வண்ண அடையாளம் வைத்தார்கள். கட்டை அப்படியே இருந்தது. சாவியும் அப்படியே இருந்தது. அதாவது புதிரில் கை வைக்கவில்லை. சிரமத்தை மட்டும் எடுத்தார்கள். இரண்டு ஜாதிக் கஷ்டத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை அது. அரிசியையும் கல்லையும் முறத்தில் பிரிக்கிற மாதிரி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ஏழு வருஷம் மறைந்திருந்தவள்

பூட்ஸைத் திருத்திவிட்டார்கள். இன்னொன்றைத் திருத்த வெகு காலம் ஆயிற்று. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

கானன்டார்ஃப் என்கிற வஞ்சகன் அரண்மனைக்கு வந்து ராஜாவை வணங்கி நிற்கிறான். அவனை யாரும் சந்தேகிக்கவில்லை. ராஜாவின் மகள் சின்னப் பெண் ஸெல்டா மட்டும் கனவு கண்டு, "இவன் கெட்டவன்" என்கிறாள். தகப்பனாரே நம்பவில்லை. நம்பியது சுவரேறிக் குதித்து வந்த லிங்க் ஒருவன்தான். இரண்டு குழந்தைகளும் சேர்ந்து ஒரு திட்டம் போடுகிறார்கள். திட்டமே வினையாக முடிகிறது. அவர்கள் திறந்த கதவின் வழியாகவே வஞ்சகன் புகுந்து ராஜ்யத்தைப் பிடித்துக் கொள்கிறான். லிங்க் ஏழு வருஷம் தூங்கி விழிக்கிறான்.

அந்த ஏழு வருஷம் ஸெல்டா என்ன செய்தாள்? தூங்கவில்லை. முகத்தை மூடிக் கொண்டு, ஷீக் என்ற பெயரில் வீரன் வேஷம் பூண்டு, எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டு திரிந்தாள். லிங்க் போகிற இடத்துக்கெல்லாம் முன்னால் போய் நின்று, வழியைச் சொல்லி, வேண்டிய மெட்டைக் கற்றுக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து, முகத்திரையை எடுத்து, "நான்தான் ஸெல்டா" என்று பட்டுப் பாவாடையுடன் நிற்கிறாள். அடுத்த நிமிஷம் எதிரியின் கையில் சிக்கிவிடுகிறாள்! வேஷத்தில் இருந்த வரை யாராலும் பிடிக்க முடியாதவள், பெண்ணாக நின்றதும் பிடிபடுகிறாள். இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் ஆச்சரியப்படுவேன். நான் பல்லைக் கடித்துக் கொண்டேன்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ராஜ்யத்தைக் காக்கிற ஏழு ஞானிகளில் ஐந்து பேர் பெண்கள். ஸெல்டாவை வளர்த்த செவிலித் தாய் இம்ப்பாவும் அவர்களில் ஒருத்தி. கடைசியில் கோட்டை இடிந்து விழும்போது பூட்டிய கம்பிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து லிங்கைக் காப்பாற்றுவதும் ஸெல்டாதான். ஆனால் அவளை நாம் ஆட்டி வைக்க முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். யுக்தி சொல்ல அவள். வாள் வீச அவன். பெயர்ப் பலகையில் மட்டும் ஸெல்டா!

1986-லிருந்து இந்தக் கதை இப்படியே நடந்து வந்தது. 2024 செப்டம்பரில்தான் மாறிற்று. 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' என்ற விளையாட்டை நிண்டெண்டோ வெளியிட்டது. அதில் லிங்க் ஆரம்பத்திலேயே ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமல் போகிறான். தேடிக் கொண்டு புறப்படுகிறவள் ஸெல்டா. தன் பெயரில் ஓடிய பிரதான வரிசையில் அவள் நாயகியானது இதுவே முதல் முறை. இதை இயக்கியவர்களில் ஒருவர் டொமோமி ஸானோ; இந்த வரிசையில் இயக்குநர் பொறுப்பு ஏற்ற முதல் பெண்மணி.

ஸெல்டாவின் ஆயுதம் என்ன தெரியுமா? கண்ணில் பட்ட பொருளைப் பிரதி எடுக்கிற ஒரு கோல். முதன்முதலில் அவளுக்கு அகப்படுகிறவை மேஜை, பழங்கட்டில் போன்ற வீட்டுச் சாமான்கள்! கட்டில் மேல் கட்டில் போட்டு மதில் ஏறலாம். கட்டில்களை வரிசையாக நீட்டிப் பாலம் போடலாம். களைத்துப் போனால் அதே கட்டிலில் படுத்துத் தூங்கி உடம்பைத் தேற்றிக் கொள்ளலாம். இருக்கிற சாமானை வைத்து இல்லாத காரியத்தைச் சாதிப்பது எப்படி என்பதுதான் புதிர். ஒரே புதிருக்குப் பத்து விடை. உங்கள் விடை வேறு, என் விடை வேறு, இரண்டும் சரி. மாதக் கடைசியில் குடும்பம் நடத்திப் பார்த்தவர்கள் இந்த விளையாட்டில் சுலபமாகத் தேறிவிடுவார்கள் என்று அடித்துச் சொல்லலாம்.

இதிலும் ஒரு பூட்ஸ் இல்லாமல் இல்லை. பிரதி எடுத்த பொருள்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிடுகின்றன. அத்தனையையும் ஒரே நீள வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டியது கிடைக்கும் வரை தள்ளிக் கொண்டே போக வேண்டும். பரணில் ஏறி இட்லித் தட்டைத் தேடுகிற கதைதான். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் மூளைக்கு விருந்து வைத்துவிட்டு விரலை வருத்துகிற வழக்கம் முழுசாகப் போகவில்லை!

வீட்டில் விளையாடினால்

கடைசியாக, தாய்மார்களுக்குச் சில யோசனைகள்.

'ஒக்கரினா ஆஃப் டைம்' பழைய விளையாட்டு என்றாலும், 'ஸ்விட்ச்' யந்திரத்தில் நிண்டெண்டோவின் சந்தா கட்டியவர்களுக்கு 2021 அக்டோபர் முதல் கிடைத்து வருகிறது. அதில் நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு அதே இடத்தில் தொடரும் வசதியும் உண்டு. பால் பொங்கினாலும் பயமில்லை. பூட்ஸ் மட்டும் பழைய பூட்ஸ்தான்.

பிள்ளை விளையாடுகையில் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஓரிடத்தில் மாட்டிக் கொண்டு தவிக்கும்போது, அந்தத் தவிப்பு எந்த ஜாதி என்று பாருங்கள். யோசிக்கிற தவிப்பு என்றால் விடையைச் சொல்லாதீர்கள். இணையத்தில் தேடவும் விடாதீர்கள். பதிலாக, "அந்த வலை ஏண்டா அப்படித் தொய்கிறது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். மீதியை அவன் பார்த்துக் கொள்வான். வெறும் அலுப்பினால் வருகிற தவிப்பு என்றால், யந்திரத்தை அணைத்துவிட்டு மோர் சாதம் போடுங்கள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது விடை தானாக வரும்.

பெண் குழந்தை இருந்தால் கருவியை முதலில் அவள் கையில் கொடுங்கள். "அண்ணா விளையாடட்டும், நீ பார்த்துக் கொண்டிரு" என்று சொல்லி வழி காட்டுகிற வேலையை மட்டும் அவளுக்கு விட்டுவிட வேண்டாம். அந்தத் தவற்றைச் செய்துவிட்டு அதிலிருந்து மீள ஸெல்டாவுக்கே முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

அவள் விளையாடி முடித்ததும் நீங்களும் ஒரு கை பாருங்களேன். கோழி பிடிக்கிற வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம்!